கூரை ஒழுகியதால் வந்த கொலைகள்

கேள்வி: கவிஞர் ஒருவர் கொலைக்கதை எழுத இறங்கினால் அவருடைய கவிதை நீர்த்துப்போய்விடும் என்று என் நண்பர் அடித்துச் சொல்கிறார். சரியா?

பதில்: உங்கள் நண்பரிடம் சிசில் டே-லூயிஸ் என்று ஒரு பெயரை மட்டும் சொல்லிப் பாருங்கள். 1930களில் ஆடன், ஸ்பெண்டர் என்ற ஆங்கிலக் கவிஞர்களோடு சேர்த்துப் பேசப்பட்ட கவிஞர். இங்கிலாந்தில் செல்ட்டனம் என்ற ஊரில் வாத்தியார் வேலை. வீட்டுக் கூரை ஒழுகுகிறது, சரிசெய்ய 100 பவுண்டு வேண்டும், கவிதை எழுதி அவ்வளவு பணம் பார்க்க எத்தனை ஜென்மம் எடுக்க வேண்டுமோ தெரியாது. நிக்கோலஸ் பிளேக் என்று ஒரு புனைபெயரை வைத்துக்கொண்டு துப்பறியும் நாவல் எழுத உட்கார்ந்துவிட்டார். 1935இல் வந்தது 'எ கொஸ்டின் ஆஃப் ப்ரூஃப்'. கதை நடப்பது ஒரு பள்ளிக்கூடத்தில். விளையாட்டு விழா அன்று வைக்கோலுக்குள் ஒரு மாணவனின் பிணம். எழுதியவர் வாத்தியார் என்பதை நினைத்துக்கொண்டு படித்தால் கொஞ்சம் பகீர் என்கிறது.

கூரை சரியான பிறகும் மனிதர் நிறுத்தவில்லை. மொத்தம் 20 நாவல்கள், அதில் 16இல் துப்பறிபவர் நைஜல் ஸ்ட்ரேஞ்ச்வேஸ். ஆரம்பத்தில் இந்த நைஜலை ஆடனைப் பார்த்துத்தான் செதுக்கினார். ஆள் தேநீர் குடிக்கும் அளவைப் பார்த்தால் பயமாக இருக்கும். இதற்கு நடுவில்தான் பழைய ரோமானியக் கவிஞர் வர்ஜிலை மொழிபெயர்த்ததும், 1951 முதல் 1956 வரை ஆக்ஸ்ஃபோர்டில் கவிதைப் பேராசிரியராக இருந்ததும். 1968இல் பிரிட்டனின் அரசவைக் கவிஞர் ஆனார், அதே ஆண்டில் அவருடைய கடைசி நாவல் 'தி பிரைவேட் வூண்ட்' வெளிவந்தது. பட்டம் கிடைத்ததால் கவிதை நல்ல கவிதை ஆகிவிடாது, அது வேறு கதை. ஆனால் நீர்த்துப்போனதற்குக் கொலைகள் காரணம் என்று யாரும் சொல்ல முடியாது.

கேள்வி: அவருடைய நாவல்களில் கவிஞர் தெரிகிறாரா?

பதில்: நிலா, பனித்துளி என்று தேடினால் ஏமாந்துபோவீர்கள். 1938இல் வந்த 'தி பீஸ்ட் மஸ்ட் டை' ஒரு தகப்பனின் நாட்குறிப்போடு தொடங்குகிறது. சிறுவயது மகனைக் கார் ஒன்று மோதிக் கொன்றுவிட்டு நிற்காமல் போய்விட்டது. ஒருவனைக் கொல்லப் போகிறேன், அவன் பெயர் தெரியாது, இருப்பிடம் தெரியாது, முகம் தெரியாது என்று முதல் வரிகளிலேயே சொல்லிவிடுகிறான். வர்ணனை என்று ஒரு சொட்டுக் கிடையாது. எதை எழுதாமல் விட வேண்டும் என்று தெரிந்த கை, கவிதையில் பழகிய கை என்பேன்.

அப்புறம் 'வாக்கிங் அவே' கவிதையைப் படியுங்கள், 1962 தொகுப்பில் இருக்கிறது. மூத்த மகனை நினைத்து எழுதியது. கால்பந்து மைதானத்தில் புதிதாகப் போட்ட கோடுகள், ஆட்டம் முடிந்து பையன் மற்ற பிள்ளைகளோடு பள்ளியைப் பார்த்து நடந்து போகிறான், அவ்வளவுதான் நடக்கிறது. 18 வருடம் கழித்தும் தகப்பனுக்கு அது உறுத்துகிறது. இரண்டிலும் மகன் கையை விட்டுப் போகிறான். ஒன்றில் கொலைவெறி, இன்னொன்றில் மௌனம். நாவலையும் கவிதையையும் ஒரே வாரத்தில் படித்தபோது எனக்கு இரண்டும் ஒரே மனிதர் எழுதியது என்பதில் சந்தேகமே வரவில்லை.

கேள்வி: நடிகர் டேனியல் டே-லூயிஸுக்கு இவர் உறவா?

பதில்: அப்பா.

கேள்வி: முதலில் எதைப் படிக்கலாம்?

பதில்: மேலே சொன்ன நாட்குறிப்பு நாவலைத்தான். பாதியில் கதை நாட்குறிப்பை விட்டு வெளியே வந்து வேறு திசைக்குத் திரும்பும், அங்கே புத்தகத்தை மூடிவிடாதீர்கள். பிடித்திருந்தால் 1949இல் வந்த 'ஹெட் ஆஃப் எ டிராவலர்'. தலையில்லாத ஒரு பிணம், சந்தேகத்துக்கு ஆளாகிறவர்களில் ஒருவர் கவிஞர். முதல் கேள்வி கேட்டவர் தன் நண்பருக்கு இதை வாங்கிக் கொடுக்கலாம், கடைசி அத்தியாயத்தை முதலில் புரட்டுகிற ஆள் இல்லையென்றால்.