பெட்டகங்களைப் பிடித்து நிறுத்துவது எது?

கேள்வி: மேல்தளத்தில் ஏழெட்டு அடுக்குச் சரக்குப் பெட்டகங்களுடன் போகும் கப்பல்கள் புயலில் சாயும்போது, அவை ஏன் சரிந்து விழுவதில்லை? (வாசகர், தூத்துக்குடி)

பதில்: பெரும்பாலும் விழுவதில்லை, சில வேளைகளில் விழவும் செய்கின்றன. மேல்தளத்துக்குக் கீழே இறக்கப்படும் பெட்டகங்கள், செங்குத்தான இரும்புச் சட்டங்களுக்கு இடையே அலமாரி இழுப்பறைபோல நிற்கும். கவலையெல்லாம் மேலே இருப்பவற்றைப் பற்றித்தான்.

ஒவ்வொரு பெட்டகத்தின் எட்டு மூலைகளிலும் நீள்வட்டத் துளையுள்ள எஃகுக் கட்டை உண்டு. ஒன்றன்மேல் ஒன்று அமரும்போது அத்துளைகளுக்குள் ‘ட்விஸ்ட் லாக்’ என்னும் பூட்டு நுழைகிறது. அதன் கூம்பு முனை உள்ளே போய்க் குறுக்காகத் திரும்பிவிடுவதால், மேலுள்ள பெட்டகம் எழும்பவோ நகரவோ முடியாது. கைப்பிடியால் திருப்பும் பூட்டுகளில் இடப்பக்கம் பூட்டுபவையும் வலப்பக்கம் பூட்டுபவையும் உண்டு. இரண்டும் ஒரே கப்பலில் கலந்துவிட்டால், எது பூட்டியிருக்கிறது, எது திறந்திருக்கிறது என்று கீழிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. கீழ் அடுக்குகளுக்குக் கூடுதலாக ‘லாஷிங் ராடு’ எனும் நீண்ட கம்பிகளைக் குறுக்காக மாட்டி, ‘டர்ன்பக்கிள்’ எனும் திருகுமுடுக்கியைச் சுழற்றி இறுக்குவார்கள். கப்பலின் அதிர்வில் அந்தத் திருகு தளரக்கூடும் என்பதால், நடுக்கடலிலும் மாலுமிகள் சுற்றிவந்து இறுக்க வேண்டும். கம்பி எட்டாத உயரத்தில் ட்விஸ்ட் லாக் ஒன்றே துணை.

ஆனால் பூட்டைவிட எடையே முக்கியம் என்பேன். கனமானதைக் கீழேயும் இலேசானதை மேலேயும் அடுக்கும் திட்டம், சரக்கு அனுப்புபவர் சொன்ன எடை உண்மையாக இருந்தால்தான் பலிக்கும். எடையைச் சரிபார்த்துத் தெரிவிக்காத பெட்டகத்தைக் கப்பலில் ஏற்றக் கூடாது என்ற விதி, கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான ‘சோலாஸ்’ எனும் சர்வதேச உடன்படிக்கையின் கீழ் 2016 ஜூலை 1 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது; இது மிகவும் தாமதம். அடிப்பாரம் எவ்வளவு மிகுந்தாலும் நல்லது என்று எண்ணுவதும் தவறு. அப்படிப்பட்ட கப்பல் சாய்ந்த வேகத்தில் வெடுக்கென்று நிமிரும். அந்த உதறலைத் தாங்க வேண்டியவை இந்தப் பூட்டுகளும் கம்பிகளும்தான்.

2019 ஜனவரி 1 இரவும் மறுநாள் அதிகாலையுமாக, நெதர்லாந்தின் வாடன் தீவுகளுக்கு வடக்கே ‘எம்.எஸ்.சி. ஸோயி’ கப்பலிலிருந்து 342 பெட்டகங்கள் கடலில் விழுந்தன. பொம்மைகளும் தொலைக்காட்சிப் பெட்டிகளும் தீவுக் கரைகளில் ஒதுங்க, அவற்றை அகற்ற ராணுவ வீரர்களும் வரவேண்டியதாயிற்று. அகன்ற அக்கப்பலின் கடும் ஆட்டத்தோடு, ஆழம் குறைந்த அவ்வழியில் கப்பல் கடலடியைத் தொடவோ நெருங்கவோ நேர்வதும், பெட்டகங்கள்மீது அலைநீர் மோதுவதும் சேர்ந்தே பூட்டுகளின் தாங்குதிறனை மீறச் செய்யும் என்று நெதர்லாந்து பாதுகாப்பு வாரியம் கண்டறிந்தது. அதன்பின், கடல் கொந்தளிக்கும் நாள்களில் அவ்வழியே வரும் பெரிய பெட்டகக் கப்பல்களுக்கு அந்நாட்டுக் கடலோரக் காவல்படை ஆபத்தை முன்கூட்டியே தெரிவித்துவருகிறது.