கணினி கேள்வி – பதில்: கேஷில் எது தங்கும், எது போகும்?

கேள்வி: ஜவுளி மொத்த வியாபாரக் கடை ஒன்றின் இணையதளத்தைப் பைத்தானில் எழுதிப் பராமரித்து வருகிறேன். கடையில் சுமார் 5,000 வகைப் பொருள்கள் உண்டு. பொருளின் விவரத்தைத் தரவுத்தளத்திலிருந்து எடுத்துத் தரும் ஃபங்ஷனின் தலைப்பில் ‘எல்.ஆர்.யூ. கேஷ்’ என்ற ஒரு வரியைச் சேர்த்தேன். வேகம் எதிர்பார்த்த அளவுக்குக் கூடவில்லை. அதைவிடச் சங்கடம், கடைக்காரர் விலையை மாற்றிய பிறகும் சிலருக்குப் பழைய விலையும் சிலருக்குப் புதிய விலையும் தெரிகின்றன. எங்கே தவறு செய்தேன்? (வாசகர், ஈரோடு)

பதில்: தங்கள் நிரலில் இரண்டு வெவ்வேறு தவறுகள் சேர்ந்திருக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்க்கும் முன், அந்த ஒரு வரி என்ன செய்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஒருமுறை எடுத்த விடையை, மறுபடி கேட்டால் உடனே தருவதற்காக நினைவகத்தில் வைத்துக்கொள்ளும் இடமே கேஷ்.

அலுவலகத்தில் ஓர் எழுத்தரின் மேசையை நினைத்துக்கொள்ளுங்கள். பதிவறையிலிருந்து வரும் கோப்பை அவர் அடுக்கின் மேல் வைக்கிறார். அடுக்கின் நடுவிலிருந்து ஒன்றை உருவிப் பார்த்தாலும், பார்த்து முடித்ததும் அதையும் மேலேயே வைக்கிறார். நாளடைவில் யாரும் தொடாத கோப்பு தானாகவே அடிக்குப் போய்விடுகிறது. மேசை நிறைந்ததும் அடியில் கிடப்பதைப் பதிவறைக்குத் திருப்பி அனுப்பினால் போதும். எது எப்போது எடுக்கப்பட்டது என்று அவர் ஏடு எழுதி வைக்கத் தேவையில்லை. எல்.ஆர்.யூ. (least recently used) முறையும் இதேதான்: தொட்டு நெடுநேரம் ஆனது முதலில் வெளியேறும். கணினியில் அந்த அடுக்கை இருபுறமும் இணைக்கப்பட்ட லிங்க்டு லிஸ்ட் ஒன்றும், வேண்டியது அடுக்கில் எங்கே இருக்கிறது என்பதை ஹேஷ் டேபிள் ஒன்றும் கவனித்துக்கொள்கின்றன. ஆகவே 100 பொருள் இருந்தாலும் ஒரு லட்சம் இருந்தாலும், தேடவும் மேலே நகர்த்தவும் வெளியேற்றவும் ஏறக்குறைய ஒரே நேரந்தான் ஆகும்.

முதல் தவறு அளவு பற்றியது. பைத்தானில் இந்த வசதி 3.2 பதிப்பில் வந்தது; அளவு எதுவும் சொல்லாமல் விட்டால் அது 128 விடைகளை மட்டுமே வைத்துக்கொள்ளும். 5,000 பொருள்களை வாடிக்கையாளர்கள் பக்கம் பக்கமாகப் புரட்டும்போது, ஒருவர் பார்த்த சேலையை அடுத்தவர் கேட்பதற்குள் அது வெளியேறியிருக்கும். ‘கேஷ் இன்ஃபோ’ என்ற ஃபங்ஷனை அழைத்தால் ஹிட் (கேஷிலேயே விடை கிடைத்தது) எத்தனை, மிஸ் (கிடைக்காதது) எத்தனை, இப்போது எத்தனை இடம் நிரம்பியிருக்கிறது என்று சொல்லிவிடும். அளவைத் தீர்மானிக்கும் முன் இந்த எண்களை ஒரு நாள் முழுவதும் குறித்து வைத்துப் பாருங்கள். ஒரு பொருளின் விவரம் 2 கிலோபைட் என்று கொண்டால் எல்லாப் பொருள்களுக்கும் சேர்த்து 10 மெகாபைட் அளவில்தான் வரும் என்பதால், தங்களுக்கு 6,000 என்றே வைத்துவிடலாம். ஆனால் அளவுக்கு ‘நன்’ (None) என்று மட்டும் கொடுத்துவிடாதீர்கள். அப்படிக் கொடுத்தால் எதுவும் எப்போதும் வெளியேறாது. யாராவது இல்லாத எண்களை வரிசையாகப் போட்டுத் தேடினாலும் ஒவ்வொன்றின் விடையும் நினைவகத்தில் சேர்ந்துகொண்டே போகும்.

இரண்டாவது தவறு விலை பற்றியது. எல்.ஆர்.யூ. இடத்தை நிர்வகிக்கிறதே தவிர, உள்ளே இருப்பது இன்னும் உண்மையா என்பதைப் பற்றி அதற்கு ஒன்றுமே தெரியாது. அதிகம் பேர் பார்க்கும் பொருள் எப்போதும் அடுக்கின் மேலேயே இருப்பதால் அது வெளியேறுவதே இல்லை. அதாவது நன்றாக விற்கும் சேலைதான் பழைய விலையை மிக நீண்ட நேரம் காட்டிக்கொண்டிருக்கும். சிலருக்கு ஒன்று, சிலருக்கு வேறொன்று தெரிவதற்கும் காரணம் உண்டு. தங்கள் சர்வரில் நிரல் ஒரே நேரத்தில் பல புராசஸ்களாக, அதாவது தனித்தனி நினைவகம் கொண்ட பல பிரதிகளாக, ஓடிக்கொண்டிருக்கும். நான்கு புராசஸ் என்றால் நான்கு தனித்தனிக் கேஷ்கள். விலை மாறியதும் ‘கேஷ் கிளியர்’ கொடுத்தாலும் ஒன்றுதான் காலியாகும், மற்ற மூன்றும் பழையதையே சொல்லும்.

இதற்கு ‘கேஷ்டூல்ஸ்’ என்ற தொகுப்பில் உள்ள டி.டி.எல். கேஷைப் பயன்படுத்துங்கள். அதில் ஒவ்வொரு விடைக்கும் ஆயுட்காலம் வைக்கலாம். 60 வினாடி என்றால் எந்தப் பழைய விலையும் ஒரு நிமிடத்துக்கு மேல் நிற்காது. அந்த ஒரு நிமிடமும் கூடாது என்றால் எல்லாப் புராசஸ்களுக்கும் பொதுவாக ரெடிஸ் போன்ற ஒன்றை (தரவை நினைவகத்தில் வைத்துத் தரும் தனி மென்பொருள்) வைத்து, விலையை மாற்றும் நிரலே அந்தப் பதிவை அழித்துவிடும்படி எழுதுங்கள். எப்படிச் செய்தாலும், பில் போடும் இடத்தில் விலையைத் தரவுத்தளத்திலிருந்தே எடுக்க வேண்டும் என்பதை வலியுறுத்திச் சொல்கிறேன். பார்க்கும் பக்கத்தில் ஒரு நிமிடப் பழைய விலையை வாடிக்கையாளர் பொறுத்துக்கொள்வார்; பில்லில் பொறுத்துக்கொள்ள மாட்டார்.

இன்னொன்று: கேஷ் தருவது நகல் அல்ல, உள்ளே இருக்கும் அதே டிக்ஷனரிதான் (பொருளின் விவரங்களைப் பெயரோடு வைத்திருக்கும் தொகுப்பு). அதை வாங்கி ஒரு வாடிக்கையாளருக்காக 10 சதவீதம் தள்ளுபடியை அதிலேயே கழித்து எழுதினால், அடுத்து வரும் அனைவருக்கும் தள்ளுபடி விலையே தெரியும். அப்படி எங்காவது எழுதியிருக்கிறீர்களா என்று தேடிப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் அலுவலக மென்பொருளில் 1,000 இடங்கள் கொண்ட எல்.ஆர்.யூ. கேஷ் உண்டு. பகலில் நன்றாகவே ஓடுகிறது. இரவில் 20,000 வாடிக்கையாளர்களின் கணக்கையும் படித்து அறிக்கை தயாரிக்கும் வேலை ஓடுகிறது. மறுநாள் காலை முதல் அரை மணி நேரம் எல்லாமே மெதுவாகிவிடுகிறது. (வாசகி, சென்னை)

பதில்: எல்.ஆர்.யூ. முறையின் உண்மையான பலவீனத்தையே தாங்கள் தொட்டுவிட்டீர்கள். ஒரே ஒரு தடவை தொட்டதற்கும், நாள் முழுவதும் நூறு தடவை தொட்டதற்கும் அது வேறுபாடு பார்ப்பதில்லை. கடைசியாகத் தொட்ட நேரம் ஒன்றுதான் அதற்குக் கணக்கு. இரவு அறிக்கை 20,000 கணக்குகளையும் ஆளுக்கொரு முறை தொட்டுவிட்டுப் போகும்போது, பகலெல்லாம் பயன்பட்ட 1,000 கணக்குகளும் அடித்துச் செல்லப்படுகின்றன. காலையில் கேஷ் நிரம்பித்தான் இருக்கும்; ஆனால் அதில் இருப்பவை யாரும் கேட்கப்போகாதவை.

மூன்று இடங்கள் உள்ள கேஷில் அ, ஆ, இ, ஈ என்ற நான்கைச் சுற்றிச் சுற்றிக் கேட்டுப் பாருங்கள். ஈ வரும்போது அ வெளியேறும், உடனே அ கேட்கப்படும். அது உள்ளே வர ஆ வெளியேறும், உடனே ஆ கேட்கப்படும். ஓர் இடந்தான் குறைவு, ஆனால் ஒரு ஹிட் கூடக் கிடைக்காது.

தரவுத்தளங்களை உருவாக்கியவர்களும் இதனோடு போராடியவர்களே. மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தின் சேமிப்புப் பகுதியான இன்னோடிபி, புதிதாகப் படித்த பக்கத்தை (தரவின் ஒரு துண்டை) அடுக்கின் உச்சியில் வைப்பதில்லை. அடியிலிருந்து எட்டில் மூன்று பங்கு உயரத்தில் செருகுகிறது. முதல் தொடுதலுக்குப் பின் ஒரு வினாடி கழிந்து மீண்டும் யாராவது தொட்டால்தான் அது உச்சிக்குப் போகும். ஒருமுறை படித்துவிட்டுப் போகும் வேலையின் பக்கங்கள் கீழ்ப்பகுதியிலேயே வந்து அப்படியே வெளியேறிவிடுகின்றன. போஸ்ட்கிரஸ் என்ற தரவுத்தளம் 2005-இல் வந்த 8.0 பதிப்பில், ஐபிஎம் ஆய்வாளர்கள் வகுத்த ஏ.ஆர்.சி. என்ற முறையைப் பயன்படுத்தியது. அதற்கு ஐபிஎம் காப்புரிமை கோரியிருப்பது தெரிந்ததும் அதைக் கைவிட்டு, அதே ஆண்டில் வேறு முறைக்கு மாறியது.

தங்களுக்கு இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. இரவு அறிக்கை கேஷின் பக்கமே வராமல் நேராகத் தரவுத்தளத்தைப் படிக்கட்டும். பெரும்பாலும் அந்த ஒரு மாற்றமே போதும். அறிக்கையின் நிரலைத் தொட முடியாத நிலை என்றால், ஜாவாவில் ‘கஃபீன்’ என்ற தொகுப்பு உள்ளது. இடம் நிறைந்திருக்கையில் புதிதாக வருவதும் வெளியேறவிருப்பதும் எத்தனை தடவை கேட்கப்பட்டன என்று அது ஒப்பிட்டுப் பார்க்கும்; புதியது குறைவாகக் கேட்கப்பட்டதென்றால் அதை உள்ளே தங்க விடாது.

கேள்வி: ஜாவாவின் லிங்க்டு ஹேஷ் மேப்பை எல்.ஆர்.யூ. கேஷாக வைத்திருக்கிறேன். பல த்ரெட்கள் (ஒரே நிரலுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் வேலைகள்) அதிலிருந்து படிக்க மட்டுமே செய்கின்றன. லாக் (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் அனுமதிக்கும் பூட்டு) தேவையா? (வாசகர், திருச்சி)

பதில்: கண்டிப்பாகத் தேவை. தொட்ட வரிசைப்படி அடுக்கும் முறையில் அதை அமைத்திருந்தால், ‘கெட்’ என்று ஒன்றைப் படிப்பதே அதை வரிசையின் கடைசிக்கு நகர்த்தும் வேலையையும் செய்கிறது. ஆகவே வெறுமனே படிக்கும் இரண்டு த்ரெட்களும் ஒரே சங்கிலியை (லிங்க்டு லிஸ்டை) ஒரே நேரத்தில் மாற்றி எழுதுகின்றன. சங்கிலி அறுந்து போகலாம். படிப்பதற்கும் எழுதுவதற்கும் ஒரே லாக்கைப் போடுங்கள்.

கேள்வி: ரெடிஸ் கேஷுக்கு 256 மெகாபைட் வரம்பு வைத்தேன். நிறைந்ததும் பழையவற்றை அது தானே வெளியேற்றும் என்று நம்பியிருந்தேன். மாறாக, எழுதும்போதெல்லாம் பிழைச் செய்தி வருகிறது. (வாசகி, கோவை)

பதில்: வரம்பை வைத்தீர்கள், வரம்பை எட்டியதும் என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்லாமல் விட்டீர்கள். ரெடிஸின் இயல்பான கொள்கை ‘நோ எவிக்ஷன்’, அதாவது எதையும் வெளியேற்றாதே என்பது. நினைவகம் நிறைந்தால் அது புதிதாக எழுத மறுத்துவிடும். அதைத் தரவுத்தளமாகவே வைத்திருப்பவர்களும் இருப்பதால், கேட்காமல் எதையும் அழிக்கக் கூடாது என்பது சரியான ஏற்பாடு என்றே நினைக்கிறேன். கொள்கையை ‘ஆல்கீஸ் எல்.ஆர்.யூ.’ என்று மாற்றுங்கள். ‘வாலடைல் எல்.ஆர்.யூ.’ என்பது ஆயுட்காலம் குறிக்கப்பட்டவற்றை மட்டுமே வெளியேற்றும். தாங்கள் எதற்கும் ஆயுட்காலம் வைக்கவில்லை என்றால் அதே பிழைச் செய்தி மறுபடியும் வரும்.

ரெடிஸ் மேசை அடுக்கைப் போல முழு வரிசையையும் வைத்திருப்பதில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு பதிவுக்கும் கடைசியாகத் தொட்ட நேரத்தை 24 பிட்டில் குறித்து வைத்து, இடம் வேண்டும்போது கைக்கு வந்த சிலவற்றை (இயல்பாக 5) எடுத்துப் பார்த்து, அவற்றில் பழையதை வெளியேற்றுகிறது. நினைவகத்தை மிச்சப்படுத்த இப்படிச் செய்கிறார்கள்; இந்த எண்ணிக்கையை 10 ஆக்கினால் உண்மையான எல்.ஆர்.யூ. வரிசைக்கு மிக அருகில் வந்துவிடும், அதற்காகப் பிராசசர் சற்றுக் கூடுதலாக உழைக்கும்.

ஒரே ரெடிஸில் கேஷையும், பயனர்கள் உள்நுழைந்திருக்கும் செஷன் விவரத்தையும் சேர்த்து வைத்திருக்கிறீர்களா என்பதைத் தாங்கள் எழுதவில்லை. வைத்திருந்தால் கொள்கையை மாற்றும் முன் இரண்டையும் தனித்தனி ரெடிஸ்களாகப் பிரித்துவிடுங்கள். இல்லாவிட்டால் இடம் வேண்டி அது செஷனையும் வெளியேற்றும், காலையில் உள்ளே வந்து தேநீர் குடித்துவிட்டுத் திரும்பிய பயனர் மறுபடி பாஸ்வேர்டு கேட்கப்படுவார்.

கேள்வி: கேஷின் அளவைக் கூட்டினால் மிஸ் கூடவும் வாய்ப்பு உண்டு என்று எங்கள் ஆசிரியர் சொன்னார். நம்ப முடியவில்லை. (பொறியியல் மாணவர், திருநெல்வேலி)

பதில்: ஆசிரியர் சொன்னது உண்மை, ஆனால் எல்.ஆர்.யூ. முறைக்கு அது பொருந்தாது. முதலில் வந்தது முதலில் போகும் என்ற ஃபிஃபோ போன்ற முறைகளில்தான் அப்படி நடக்கும். ஐபிஎம்மில் பணியாற்றிய லாஸ்லோ பெலாடி தம் சகாக்களோடு 1969-இல் இதை வெளியிட்டார். அவர் பெயராலேயே பெலாடி முரண் என்கிறோம். 1, 2, 3, 4, 1, 2, 5, 1, 2, 3, 4, 5 என்று கேட்டுப் பாருங்கள். ஃபிஃபோவில் மூன்று இடங்கள் இருந்தால் 9 மிஸ், நான்கு இடங்கள் இருந்தால் 10 மிஸ்.

அதே வரிசையை எல்.ஆர்.யூ. முறையில் போட்டால் மூன்று இடங்களில் 10 மிஸ், நான்கு இடங்களில் 8 மிஸ். மூன்று இடங்களில் அது ஃபிஃபோவிடம் தோற்பதைக் கவனித்தீர்களா? எல்லா வரிசையிலும் வெல்லும் முறை என்று அதைச் சொல்ல முடியாது. ஆனால் இடத்தைக் கூட்டியதற்காக அது ஒருபோதும் தண்டிக்காது. காரணத்தைத் தாங்களே தாளில் பார்த்துவிடலாம்: எந்த நேரத்தில் நிறுத்திப் பார்த்தாலும், மூன்று இடக் கேஷில் இருப்பவை கடைசியாகக் கேட்கப்பட்ட மூன்று எண்கள், நான்கு இடக் கேஷில் இருப்பவை கடைசியாகக் கேட்கப்பட்ட நான்கு எண்கள். சிறியதில் இருப்பது அனைத்தும் பெரியதிலும் இருக்கும். ஆகவே சிறியதில் ஹிட் ஆனது பெரியதில் மிஸ் ஆக வழியே இல்லை. ஃபிஃபோவில் இந்த உள்ளடக்கம் கிடையாது. வரிசையில் ஏழாவதாக வரும் 5-ஐக் கேட்டு முடித்த இடத்தில் நிறுத்தி, இரண்டு கேஷ்களிலும் உள்ளவற்றை அருகருகே எழுதிப் பாருங்கள். சிறியதில் 1 இருக்கும், பெரியதில் அது வெளியேறியிருக்கும். அடுத்துக் கேட்கப்படுவதோ அந்த 1-தான்.