கலியாண எழுத்து எங்கே கிடக்கிறது? வன்னி வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் கலியாண எழுத்தின், அதாவது விவாகப் பதிவின், சான்றிதழைப் பற்றியவை. காணி அனுமதிப்பத்திரத்தை மாற்றப் போனாலும், விதவைகள் ஓய்வூதியத்துக்குப் போனாலும், வெளிநாட்டு ஸ்பொன்சருக்கு விண்ணப்பித்தாலும் முதலில் அதைத்தான் கேட்கிறார்கள். அதைத் தேடித் தருகிறோம் என்று காசு வாங்குகிறவர்களும் கூடிவிட்டார்கள். அதனால் இந்த முறை மற்றக் கேள்விகளை ஒதுக்கிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: அப்பா காலமாகிவிட்டார். குடியேற்றத் திட்டக் காணி அவர் பேரில் இருக்கிறது. அம்மாவின் பேருக்கு மாற்ற விவாகச் சான்றிதழ் கேட்கிறார்கள். அவர்களுக்கு 1979இல் உருத்திரபுரத்தில் எழுத்து நடந்தது. கிளிநொச்சியில் விண்ணப்பித்தோம், பதிவு இல்லை என்கிறார்கள். எரிந்து போயிருக்குமா?

எரிந்தது என்று முடிவு கட்டுவதற்கு முன் ஒன்றைப் பாருங்கள். 1979இல் கிளிநொச்சி என்றொரு மாவட்டமே இருக்கவில்லை. யாழ்ப்பாண மாவட்டத்திலிருந்து அது பிரிக்கப்பட்டது 1984இல்தான். ஆகவே உங்கள் பெற்றோரின் பதிவில் மாவட்டம் என்ற இடத்தில் யாழ்ப்பாணம் என்றே எழுதப்பட்டிருக்கும். விண்ணப்பத்தில் நீங்கள் கிளிநொச்சி என்று எழுதியிருந்தால், தேடுகிறவர் கிளிநொச்சிப் புத்தகங்களில் தேடிவிட்டு இல்லை என்று சொல்லியிருப்பார். அதில் அவர் பிழையும் இல்லை.

முல்லைத்தீவுக்காரருக்கும் இதே சிக்கல் உண்டு. அது தனி மாவட்டமானது 1978இல். அதற்கு முன் அந்தப் பகுதியின் பெரும்பங்கு வவுனியா மாவட்டத்தில் இருந்தது. 1970இல் முள்ளியவளையில் கலியாணம் செய்தவரின் பதிவை முல்லைத்தீவு என்று எழுதித் தேடினால் கைக்கு எட்டாமல் போகலாம். கலியாணம் நடந்த ஆண்டில் அந்த ஊர் எந்த மாவட்டத்தில், எந்தப் பதிவாளர் பிரிவில் இருந்தது என்று முதலில் உறுதி செய்யுங்கள். ஊரிலுள்ள வயது போனவர்களுக்கும் ஓய்வு பெற்ற கிராம அலுவலர்களுக்கும் அது நன்றாகத் தெரியும். அந்த நாளில் பதிவுகாரராக இருந்தவர் யார் என்பதையும் அவர்களே சொல்வார்கள்.

இடம்பெயர்வு இதை இன்னும் குழப்பியிருக்கிறது. பதிவு போய்ச் சேர்வது எழுதிய பதிவாளரின் புத்தகத்துக்கு, மாப்பிள்ளை பொம்பிளையின் சொந்த ஊருக்கு அல்ல. 1995இல் வலிகாமத்திலிருந்து வன்னிக்கு வந்து மல்லாவியில் எழுதியவர்களின் பதிவை துணுக்காய்ப் பக்கம் தேட வேண்டும். 2009க்குப் பிறகு மெனிக் பாம் முகாமில் இருந்தபோது எழுத்து முடித்தவர்கள் வெங்கலச்செட்டிகுளம் பிரதேச செயலகத்தில் கேட்க வேண்டும். இதைக் கவனிக்காமல் சொந்த ஊர்ச் செயலகத்துக்கே திரும்பத் திரும்ப நடந்து களைத்தவர்கள் எத்தனையோ பேர்.

இனி உங்கள் விசயம். கரைச்சிப் பிரதேச செயலகத்தில் மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் புதிய விண்ணப்பம் கொடுங்கள். மாவட்டம் யாழ்ப்பாணம், இடம் உருத்திரபுரம், இருவரின் முழுப் பெயர், தகப்பன்மாரின் பெயர் எல்லாவற்றையும் எழுதுங்கள். ஆண்டு சரியாகத் தெரியாவிட்டால் முன்னும் பின்னும் ஓராண்டு சேர்த்துத் தேடும்படி கேளுங்கள். பதிவு இலக்கமும் திகதியும் தெரிந்தால் கட்டணம் குறைவு, தேட வேண்டியிருந்தால் கொஞ்சம் கூட. மூத்த பிள்ளையின் பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். அதில் பெற்றோர் விவாகம் செய்தவர்களா என்றொரு கூடு இருக்கும். சிலருடையதில் அங்கேயே கலியாணத் திகதியும் இடமும் கிடைத்துவிடும்.

அங்கேயும் இல்லையென்றால் யாழ்ப்பாணத்தில் மாவட்டப் பதிவாளர் பகுதியில் கேளுங்கள். அதற்கு அப்பால் கொழும்பு மாளிகாவத்தையில் பதிவாளர் நாயகம் திணைக்களத்தின் மத்திய ஆவணக் காப்பகம் இருக்கிறது. விவாகப் பதிவு இரட்டைப் பிரதியாக எழுதப்படுவது, ஒன்று கொழும்புக்குப் போக வேண்டியது. 1979 போருக்கு முந்திய காலம், ஆகவே உங்கள் பெற்றோரின் பிரதி போய்ச் சேர்ந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஊரில் இருந்த புத்தகம் அழிந்தாலும் கொழும்புப் பிரதி இருக்கலாம் என்பதை யாரும் எங்கள் சனத்துக்குச் சொல்லிக் கொடுப்பதில்லை. எனக்கு இதில் உண்மையிலேயே ஆற்றாமை உண்டு. குடியேற்றக் காணியில் மனைவிக்குள்ள சீவிய உரிமையே இந்தத் தாளில் தங்கியிருக்கும்போது, கவுண்டரில் ஒரு வசனம் கூடச் சொன்னால் எத்தனை அலைச்சல் மிச்சமாகும்!

கடைசியாக எங்குமே இல்லை என்றானால், தேடினோம், பதிவு காணப்படவில்லை என்று எழுத்தில் வாங்குங்கள். வாய்ப்பேச்சு போதாது. நீதிமன்றமோ தூதரகமோ வேறு ஆதாரங்களைப் பார்ப்பதற்கு முன் பொதுவாக அந்தக் கடிதத்தைத்தான் கேட்கும். கடிதம் தர இழுத்தடித்தால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், இந்தப் பிரிவின் இந்த ஆண்டு விவாகப் புத்தகம் உங்கள் பொறுப்பில் இருக்கிறதா என்று கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். நீங்கள் கேட்பது யாருடைய தனிப்பட்ட விபரத்தையும் அல்ல, ஒரு புத்தகம் இருக்கிறதா இல்லையா என்பதை மட்டும். அதனால் மறுக்க இடமில்லை.

கேள்வி: கனடாவிலுள்ள மகன் மருமகளை அங்கே எடுக்கப் போகிறான். புதுக்குடியிருப்பில் நடந்த எழுத்தின் சான்றிதழை எடுத்து, மொழிபெயர்த்து, கொழும்பில் சீல் அடித்துத் தர ஒருவர் 25,000 ரூபா கேட்கிறார். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். அரசாங்கக் கட்டணம் இதில் ஒரு சிறு பங்குதான். அவர் செய்யப் போவதும் நீங்கள் செய்யக்கூடியதையேதான்: படிவம் நிரப்பி, காசு கட்டி, வரிசையில் நிற்பது. மருமகளே போகலாம், முடியாவிட்டால் வீட்டில் ஒருவர் போகலாம். கணினியில் ஏற்றப்பட்ட பதிவாக இருந்தால் புதுக்குடியிருப்புக்குப் போகவும் தேவையில்லை, பக்கத்திலுள்ள பிரதேச செயலகத்திலேயே எடுக்கலாம். பதிவாளர் நாயகம் திணைக்களத்துக்கு இணையவழி விண்ணப்பமும் இருக்கிறது. பணம் கட்டினால் பற்றுச்சீட்டு வாங்குங்கள். பற்றுச்சீட்டு இல்லாமல் யாராவது காசு கேட்டால் அது கட்டணம் அல்ல.

மொழிபெயர்ப்புக்கு சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் நேரே போங்கள். அவருடைய முத்திரையும் பதிவு விபரமும் தாளில் இருக்க வேண்டும். இரண்டு மூன்று பேரிடம் விலை கேளுங்கள், பக்கத்துக்கு எவ்வளவு என்று முதலே பேசிக்கொள்ளுங்கள். பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டல் கடவுச்சீட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும் என்று சொல்லி, கடவுச்சீட்டின் போட்டோகொப்பியையும் கொடுத்துவிடுங்கள். பிறகு திருத்தப் போனால் அதற்கும் காசு. வெளிநாட்டு அமைச்சின் அத்தாட்சி வேண்டுமானால் யாழ்ப்பாணத்தில் பிராந்திய கொன்சியூலர் அலுவலகம் இருக்கிறது, கொழும்புக்கு பஸ் ஏற வேண்டியதில்லை. ஒரு முக்கிய விசயம்: சான்றிதழை லாமினேட் செய்துவிடாதீர்கள். அதன்மேல் சீல் அடிக்க முடியாது, புதிதாக எடுக்க வேண்டி வரும்.

எனக்குப் பயம் காசு மட்டுமல்ல. பதிவு கிடைக்காவிட்டால் சில தரகர்கள் ஒரு சான்றிதழைச் செய்தே தந்துவிடுவார்கள். தாளும் முத்திரையும் அச்சொட்டாக இருக்கும். குடிவரவு அதிகாரிகள் பதிவு இலக்கத்தை வைத்துச் சரிபார்க்கிறபோது பிடிபடும். பிடிபட்டால் தரகர் மாட்டமாட்டார், உங்கள் பிள்ளைகளின் விண்ணப்பம்தான் மறுக்கப்படும், அந்தக் கறை அடுத்த விண்ணப்பத்துக்கும் தொடரும். ஏற்கெனவே முற்பணம் கொடுத்துவிட்டீர்கள் என்றால் என்னென்ன வேலைக்கு என்று எழுதி வாங்குங்கள். கடை போட்டு நடத்துகிற சேவை ஏமாற்றினால் நுகர்வோர் அதிகார சபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் முறையிடலாம். அரச ஊழியர் ஒருவர் கைக்காசு கேட்டால் இலஞ்ச ஆணைக்குழுவின் இலக்கம் 1954. எந்த அலுவலகத்துக்கு என்ன தாள் கொண்டு போவது என்று அறிய அரசாங்கத் தகவல் நிலையத்தின் 1919 இலக்கத்துக்கு எடுத்தால் தமிழில் சொல்வார்கள்.

கேள்வி: எங்கள் கலியாணம் தேவாலயத்தில் நடந்தது. போரில் பங்கின் பதிவேடுகள் அழிந்துவிட்டன. செயலகத்திலும் இல்லை.

கத்தோலிக்கர் என்றால் உங்களுக்கு இன்னொரு கதவு இருக்கிறது, பலர் அதைத் தட்டுவதே இல்லை. ஒருவர் கலியாணம் செய்தால் அந்தச் செய்தியை அவர் ஞானஸ்நானம் பெற்ற பங்குக்கு அனுப்பி, அங்குள்ள ஞானஸ்நானப் பதிவேட்டில் குறித்து வைப்பது திருச்சபையின் முறை. நீங்கள் குருநகரிலோ பேசாலையிலோ ஞானஸ்நானம் பெற்றிருந்தால் அந்தப் பங்கின் ஏட்டில் உங்கள் பேருக்குப் பக்கத்தில் கலியாணக் குறிப்பு இருக்கக்கூடும். குறிப்புகளோடு கூடிய புதிய ஞானஸ்நானச் சான்றிதழ் தரும்படி பங்குத்தந்தையிடம் கேளுங்கள். ஆயர் இல்லத்தில் விசாரிப்பதென்றால், மன்னார், வவுனியா மாவட்டங்கள் மன்னார் மறைமாவட்டத்தைச் சேர்ந்தவை, கிளிநொச்சியும் முல்லைத்தீவும் யாழ்ப்பாண மறைமாவட்டத்தைச் சேர்ந்தவை. மன்னார் மறைமாவட்டம் உருவானது 1981இல், அதற்கு முந்திய விசயமென்றால் யாழ்ப்பாணத்திலேயே கேட்க வேண்டி வரலாம்.

இது அரசாங்கச் சான்றிதழ் ஆகாது. ஆனால் பதிவு காணப்படவில்லை என்ற கடிதத்தோடு சேர்த்து வைத்தால் பலமான ஆதாரம்.

கேள்வி: 2008இல் இடம்பெயர்ந்திருந்த இடத்தில் தாலி கட்டினோம், எழுத்து நடக்கவில்லை. 2009க்குப் பிறகு அவர் எங்கே என்று தெரியாது. ஒரு பிள்ளை இருக்கிறான். பழைய திகதி போட்டுப் பதிந்து தருவதாக ஒருவர் சொல்கிறார்.

தங்கச்சி, அந்த ஆளை நம்பாதீர்கள். நடக்காத எழுத்தைப் பழைய திகதியில் யாராலும் சட்டப்படி பதிய முடியாது. அவர் தருவது பொய்ப் பத்திரமாகத்தான் இருக்கும், அதில் உங்கள் கையெழுத்தும் இருக்கும்.

எழுத்து இல்லாததால் உங்கள் கலியாணம் இல்லை என்று ஆகிவிடாது. 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம், பதிவேட்டிலுள்ள குறிப்பை விவாகத்துக்கான சிறந்த சான்று என்று சொல்கிறது. அது மட்டும்தான் சான்று என்று சொல்லவில்லை. வழக்கப்படி சடங்கு நடந்து, கணவன் மனைவியாக ஊரறிய வாழ்ந்ததை நிரூபித்தால் எங்கள் நீதிமன்றங்கள் அதை ஏற்றிருக்கின்றன. தாலி கட்டியபோது நின்றவர்களின் சத்தியக்கடதாசி, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், குடும்பமாகப் பதிந்த நிவாரண அட்டை, முகாம் பதிவு, கிராம அலுவலரின் கடிதம், ஒரு படம் இருந்தால் அதுவும், எல்லாவற்றையும் சேருங்கள். சாட்சிகள் வயதாகிக்கொண்டு போகிறார்கள், அந்தச் சத்தியக்கடதாசியை இப்போதே எடுத்து வையுங்கள். சட்டத்தரணிக்குக் கட்ட வசதியில்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போங்கள்.

கணவர் விசயத்தில், மரணச் சான்றிதழ் எடுத்தே ஆக வேண்டும் என்று யாரும் உங்களை வற்புறுத்த முடியாது. 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க மரணப் பதிவு (தற்காலிக ஏற்பாடுகள்) சட்டம் 2016இல் திருத்தப்பட்ட பிறகு, ஒருவர் காணக்கிடைக்கவில்லை என்ற சான்றிதழைப் பெறவும் வழி இருக்கிறது. எதை எடுப்பது, எப்போது எடுப்பது என்பது முழுக்க உங்கள் முடிவு.

கேள்வி: மகளுக்கு வெளிநாட்டு மாப்பிள்ளை பேசுகிறோம். அவர் முதலே கலியாணம் செய்தவரா என்று பதிவுகளில் பார்க்கலாமா?

பார்க்க வேண்டும், வெட்கப்படாதீர்கள். ஆனால் நாட்டுக்கு நாடு முறை வேறு. இங்கிலாந்திலும் வேல்சிலும் நடந்த கலியாணத்தின் சான்றிதழை யாரும் காசு கட்டி எடுக்கலாம், உறவு என்று காட்டத் தேவையில்லை. பிரான்சில் 75 ஆண்டுகளுக்கு உட்பட்ட விவாகப் பதிவின் முழுப் பிரதியை வெளியாருக்குத் தர மாட்டார்கள். ஒன்ராறியோவிலும் தம்பதியருக்கும் நெருங்கிய உறவுக்கும்தான் கொடுப்பார்கள். அந்த நாடுகளில் இருப்பவரென்றால் தான் மணமானவரா இல்லையா என்று காட்டும் குடிசார் நிலைச் சான்றிதழை அவரே எடுத்து அனுப்பட்டும். மனமுள்ளவருக்கு அது பெரிய வேலை அல்ல. முதல் மணம் முறிந்தவர் என்றால் விவாகரத்துத் தீர்ப்பின் பிரதியைக் கேளுங்கள், பிரிந்து இருக்கிறோம் என்ற வார்த்தையை ஏற்காதீர்கள்.

இலங்கையில் நடந்த கலியாணமா என்று அறிய, அவர் வாழ்ந்த ஊர்களின் பிரிவுகளில் பெயரும் ஆண்டும் கொடுத்துத் தேடலாம். ஒரு இடத்தில் இல்லை என்பது நாடு முழுவதும் இல்லை என்பதாகாது. அப்புறம், விசேட அனுமதிப்பத்திரத்தில் அவசரமாக எழுதி முடிக்கச் சொன்னால் கொஞ்சம் யோசியுங்கள். சாதாரண முறையில் விவாக அறிவித்தல் பகிரங்கமாக ஒட்டப்படும், ஆட்சேபணை உள்ளவர் அதைப் பதிவாளரிடம் தெரிவிக்கலாம். அந்தக் காத்திருப்பு உங்கள் மகளுக்கான பாதுகாப்பு.

கேள்வி: சான்றிதழில் என் தகப்பன் பெயரில் ஒரு எழுத்துப் பிழை. பேனையால் திருத்தலாமா?

வேண்டாம். ஒரு புள்ளி வைத்தாலும் அந்தப் பிரதி செல்லாது. மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் உங்கள் பிறப்புச் சான்றிதழையும் அடையாள அட்டையையும் கொண்டு போங்கள். பிழை பிரதியெடுக்கும்போது வந்ததா, மூலப் புத்தகத்திலேயே இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பிரதியில் மட்டும் என்றால் சரியாக எழுதிய புதிய பிரதி கேளுங்கள். புத்தகத்தில் என்றால் திருத்த விண்ணப்பம் கொடுக்க வேண்டும். அதற்கு நாளெடுக்கும், ஆகவே விசா நேர்முகத்துக்குத் திகதி வரும்வரை வைத்திருக்காமல் இந்தக் கிழமையே தொடங்குங்கள்.