உயர்தரத்தில் உயிரியல் எடுத்தவர் மோட்டார் மெக்கானிக் கோர்ஸ் படிக்கலாமா?

படிக்கலாம் தம்பி. இலங்கையில் என்.வி.கியூ (தேசிய தொழில் தகைமை) 4ஆம் மட்ட மோட்டார் மெக்கானிக் பயிற்சிக்கு நீங்கள் உயர்தரத்தில் உயிரியல் பிரிவு எடுத்தது தடையே இல்லை.

மட்டக்களப்பில் விசாரித்தபோது "கணிதப் பிரிவு வேண்டும்" என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அநேகமாக நீங்கள் கேட்டது பொறியியல் உயர் தேசிய டிப்ளோமாவாக இருக்கும். அப்படியான கோர்ஸுக்குத்தான் பாடப்பிரிவு பார்ப்பார்கள்.

திரும்பப் போய் இரண்டு கேள்வி கேளுங்கள்:

1. இது என்.வி.கியூ எத்தனையாம் மட்டம்?
2. அரசின் மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் இந்தக் கோர்ஸ் பதிவாகியிருக்கிறதா? பதிவு இல்லாத இடத்தில் காசு கட்டவே வேண்டாம். அந்தச் சான்றிதழை வைத்து 5ஆம் மட்டத்துக்கு ஏற முடியாது.

உயர்தரத்தில் படித்த இரண்டு வருடம் வீணாகிவிட்டது என்று மனம் உடைய வேண்டாம். நீங்கள் பௌதிகவியலும் படித்திருந்தால், வண்டியின் வயரிங் பாடத்தில் மின்னழுத்தம், மின்னோட்டம், தடை என்று வரும்போது மற்றவர்களை விட வேகமாகப் பிடித்துக்கொள்வீர்கள். இப்போதைய வண்டிகளில் பல சிக்கல்களுக்குக் காரணம் சென்சரும் வயரும்தான்.

ஒன்று மட்டும்: வயதெல்லையும் நேர்முகத் தேர்வும் இடத்துக்கு இடம் மாறும். அம்பாறை, சம்மாந்துறை தொழில்நுட்பக் கல்லூரிகளிலும் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.