மேல்முறையீடு நடக்கட்டும், கெடு காத்திருக்காது

கேள்வி: அமெரிக்காவில் ஒரு தனியார் மருத்துவக் கல்லூரியில் ஒன்பது ஆண்டுகளாக உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். சொந்த ஊர் திருநெல்வேலி. இணைப் பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பித்தேன். ‘தேசிய அளவில் போதிய பெயர் இல்லை’ என்று ஏழு மாதம் முன்பு எழுத்தில் மறுத்துவிட்டார்கள். என்னைவிடக் குறைந்த கட்டுரைகளும் ஆராய்ச்சி நிதியும் உள்ள வெள்ளையினச் சக மருத்துவருக்கு அதே சுற்றில் கிடைத்தது. கல்லூரிக்குள்ளேயே மேல்முறையீடு செய்திருக்கிறேன். அதன் முடிவு வந்த பிறகு வழக்குப் போடலாமா? இருக்கிற வேலைக்கு ஆபத்து வருமா?

பதில்: முடிவு வரும்வரை காத்திருக்காதீர்கள், டாக்டர். இனப் பாகுபாடு என்று 1964-ஆம் ஆண்டு சிவில் உரிமைச் சட்டத்தின் ஏழாம் பகுதியில் வழக்குப் போக வேண்டுமானால், முதலில் இ.இ.ஓ.சி. எனப்படும் கூட்டரசின் சம வேலைவாய்ப்பு ஆணையத்தில் புகார் கொடுக்க வேண்டும். அதற்குக் கெடு 180 நாள். மாநிலத்துக்கென்று தனிப் பாகுபாடு தடுப்பு அமைப்பு இருந்தால் 300 நாள். மறுப்பு உங்களுக்குத் தெரிவிக்கப்பட்ட நாளிலிருந்தே இது ஓடும். டெலவேர் அரசுக் கல்லூரியில் நிரந்தரப் பணி மறுக்கப்பட்ட லைபீரியப் பேராசிரியர் ஒருவரும் உங்களைப் போலத்தான், உள் முறையீட்டு முடிவு வரட்டும் என்றிருந்தார். முறையீடு நிலுவையில் இருப்பதால் கெடு நிற்காது என்று 1980-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

உங்கள் கணக்கில் சுமார் 210 நாள் போய்விட்டது. அலபாமா, மிசிசிப்பி போன்ற 180 நாள் மாநிலம் என்றால் இந்த வழி அடைபட்டுவிட்டது. மற்ற பெரும்பாலான மாநிலங்களில் இன்னும் மூன்று மாதம் போல இருக்கிறது. எந்த மாநிலம் என்று நீங்கள் எழுதவில்லை. இந்த வாரமே உள்ளூர் வேலைவாய்ப்பு வழக்கறிஞர் ஒருவரைப் பாருங்கள்.

இன்னொரு வழியும் உண்டு. 1866-இல், அடிமை முறை ஒழிந்த கையோடு வந்த சட்டம். இன்று ‘செக்‌ஷன் 1981’ என்பார்கள். இதற்கு ஆணையத்திடம் போக வேண்டாம். அவகாசம் பொதுவாக 4 ஆண்டு. பதவி உயர்வு வழக்கில் அதைவிடக் குறைந்த மாநிலக் கெடு பொருந்தவும் கூடும். ஏழாம் பகுதியில் மன உளைச்சல் போன்றவற்றுக்கான இழப்பீடும் தண்டத் தொகையும் சேர்த்து, எவ்வளவு பெரிய நிறுவனமானாலும் 3,00,000 டாலரைத் தாண்டாது. 1866 சட்டத்தில் அந்த வரம்பு இல்லை. ஆனால் ‘இந்தியாவில் பிறந்தவன் என்பதால்’ என்று மட்டும் எழுதினால் இது கைகொடுக்காது. ஈராக்கில் பிறந்த பேராசிரியர் தொடுத்த வழக்கில், 1987-இல், வம்சாவளியையும் இனக்குழு அடையாளத்தையும் காட்டினால் செல்லும் என்று தீர்ப்பானது. ஆகவே ஆணையத்தின் படிவத்திலும் இனம், நிறம், பிறந்த நாடு மூன்றையும் குறியுங்கள்.

‘மருத்துவத்தில் ஆசியர்களுக்கு என்ன குறை?’ என்று கேட்பார்கள். 2000-இல் ஜாமா மருத்துவ இதழில் வந்த ஆய்வைக் கொடுங்கள். 1980-களில் உதவிப் பேராசிரியரானவர்களில் 1997-க்குள் உயர்வு பெற்ற வெள்ளையர் 46 சதவீதம், ஆசியர் 37. கறுப்பினத்தவர் உள்ளிட்ட, மருத்துவத்தில் குறைவாக இடம்பெற்ற சிறுபான்மையினர் 30. பழைய கணக்குதான், ஆனாலும் அந்த வாதத்தின் வாயை அடைக்கும். அதை வைத்து மட்டும் உங்கள் வழக்கை ஜெயிக்க முடியாது.

ஜெயிக்க வைப்பது அந்தச் சக மருத்துவரின் கோப்புதான். கல்வித் தகுதி விஷயத்தில் பேராசிரியர் குழுவின் தீர்ப்பில் நீதிபதிகள் எளிதில் கை வைக்க மாட்டார்கள். ஆனால் ஒரே அளவுகோலை இருவருக்கு இரு விதமாகப் பிடித்தார்கள் என்று காட்டினால் கதை வேறு. ‘தேசியப் பெயர்’ என்பது வசதியான ரப்பர் அளவுகோல். அவருக்கு எத்தனை மாநாட்டு அழைப்பு, வெளி மதிப்பீட்டாளர்களைத் தேர்ந்தெடுத்தது யார், உங்கள் ஆண்டு மதிப்பீடுகளில் இந்தக் குறையை யாராவது ஒருமுறையாவது எழுதினார்களா என்பதைப் பாருங்கள். உங்கள் உச்சரிப்பைப் பற்றித் துறைத் தலைவர் ஏதாவது மின்னஞ்சலில் சொல்லியிருந்தால் அது பொன். மதிப்பீட்டுக் கடிதங்கள் ரகசியம் என்று கல்லூரி மறைக்கப் பார்க்கும். பென்சில்வேனியா பல்கலைக்கழகம் அப்படித்தான் வாதாடி 1990-இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. நீங்களாகக் குழுவின் கோப்பை எடுக்காதீர்கள். நோயாளி விவரம் உள்ள எதையும் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பாதீர்கள். உங்களை வேலையைவிட்டு அனுப்ப அந்தக் காரணமே போதும்.

வேலைக்கு ஆபத்தா என்றால், புகார் கொடுத்ததற்காகப் பழிவாங்குவது தனிக் குற்றச்சாட்டு. பாகுபாடு நிரூபணமாகாமல் போனாலும் அது நிற்கும். புகாருக்குப் பிறகு அறுவை அரங்க நேரம் குறைந்தாலோ ஆராய்ச்சிக்கு ஒதுக்கிய நாட்கள் பறிபோனாலோ, தேதியோடு குறித்து வாருங்கள். ஆணையம் ‘வழக்குப் போடலாம்’ என்ற கடிதம் அனுப்பினால், கையில் கிடைத்ததிலிருந்து 90 நாளுக்குள் நீதிமன்றம் போக வேண்டும். அதற்கு நீட்டிப்பு கிடைப்பது அரிது.