டிஸ்க் நிறைந்துவிட்டது, எதை அழிக்கலாம்? லினக்ஸ் கேள்வி பதில்

கட்டளைகளை உச்சரிக்கிற மாதிரியே தமிழில் எழுதுகிறேன். டைப் செய்யும்போது ஆங்கிலச் சின்ன எழுத்தில் அடியுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் லினக்ஸுக்கு இரண்டும் வேறு வேறு.

கேள்வி: அண்ணா, ஆபீஸ் சர்வரில் டிஎஃப் -எச் (டிஸ்க் எவ்வளவு நிறைந்தது என்று காட்டும் கட்டளை) போட்டால் 100% என்கிறது. 18 ஜிபி லாக் ஃபைலை (புரோகிராம் தன் நடப்பைப் பதிவு செய்யும் ஃபைல்) அழித்த பிறகும் அதே 100%. டியூ போட்டால் பாதிதான் காட்டுகிறது. எதை நம்புவது?

பதில்: இரண்டையும் நம்பலாம். டியூ ஒவ்வொரு டைரக்டரியாக உள்ளே போய், பெயர் உள்ள ஃபைல்களை மட்டும் கூட்டுகிறது. டிஎஃப் நேராக ஃபைல் சிஸ்டத்திடமே எத்தனை பிளாக் காலி என்று கேட்கிறது. அழிக்கும் கட்டளையான ஆர்எம் செய்வதெல்லாம் பெயரை நீக்குவதுதான். அந்த ஃபைலை ஏதாவது ஒரு புராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்) திறந்து வைத்திருந்தால், அது மூடும்வரை இடம் திரும்பி வராது. உங்கள் லாகை எழுதிய புரோகிராம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும், பெயர் போன அதே ஃபைலில் இப்போதும் எழுதிக்கொண்டிருக்கும். சூடோ எல்எஸ்ஓஎஃப் +எல்1 என்று போடுங்கள் (+ குறிக்குப் பின்னால் வரும் எல் மட்டும் பெரிய எழுத்து; சூடோ என்றால் நிர்வாகி உரிமையோடு ஓட்டுவது). பெயர் நீக்கப்பட்டும் திறந்தே இருக்கிற ஃபைல்களும், அவற்றைப் பிடித்திருக்கும் புராசஸ்களும் வரும். அந்த சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தால் இடம் வந்துவிடும். அடுத்த முறை ஓடுகிற லாகை அழிக்காதீர்கள், ட்ரங்கேட் -எஸ் 0 போட்டு காலி செய்யுங்கள்.

எல்லோருக்கும் சேர்த்து ஒன்று: எதையும் அழிக்கும் முன் ஹோஸ்ட்நேம் என்று அடித்து, எந்த மெஷினில் நிற்கிறீர்கள் என்று பாருங்கள்.

கேள்வி: எனக்கு டிஎஃப்-இல் 40% காலியாக இருக்கிறது. ஆனாலும் ஃபைல் உருவாக்க இடம் இல்லை என்கிறது.

பதில்: டிஎஃப் -ஐ போடுங்கள். ஐநோட் (ஒவ்வொரு ஃபைலின் விவரத்தையும் ஃபைல் சிஸ்டம் குறித்து வைக்கும் பதிவு) தீர்ந்திருக்கும். ஒரு ஃபைலுக்கு ஒரு ஐநோட், அது ஒரு பைட் ஃபைலாக இருந்தாலும் சரி. எக்ஸ்ட்4 என்ற ஃபைல் சிஸ்டத்தில் ஃபார்மேட் செய்யும்போதே எண்ணிக்கை முடிவாகிவிடுகிறது. பெரும்பாலும் இணையதளம் வருகையாளர்களுக்காக எழுதி வைக்கும் பிஎச்பி செஷன் ஃபைல்கள் லட்சக்கணக்கில் சேர்ந்திருக்கும். ஆர்எம் உடன் நட்சத்திரக்குறி போட்டால் பட்டியல் மிக நீளம் என்று மறுத்துவிடும், அதனால் ஃபைண்ட் கட்டளைதான் வழி. ஆனால் முதலில் -டிலீட் இல்லாமல் ஓட்டி, வருகிற பட்டியலைக் கண்ணால் பாருங்கள். அப்புறம் -டிலீட்டைக் கடைசியில் சேருங்கள். ஃபைண்ட் இடமிருந்து வலமாகப் பார்க்கும். பெயர், நாள் நிபந்தனைகளுக்கு முன்னால் -டிலீட் வந்தால் எல்லாமே போய்விடும்.

கேள்வி: 16 ஜிபி ரேமில் 300 எம்பிதான் ஃப்ரீ. ரேம் வாங்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். ஃப்ரீ -எச் போட்டு அவெய்லபிள் என்ற பத்தியைப் பாருங்கள். சும்மா கிடக்கிற ரேமை லினக்ஸ் டிஸ்க் கேஷாக (டிஸ்க்கில் படித்ததை நினைவில் வைக்கும் இடமாக) பயன்படுத்தும், கேட்டால் விட்டுக்கொடுத்துவிடும்.

கேள்வி: டேட்டாபேஸ் தொங்கினால் கில் -9 (புராசஸை நிறுத்தும் கட்டளை) போடுகிறேன், சரியா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். வெறும் கில் போட்டால் சிக்னல் 15 போகும். புரோகிராம் அதைக் கேட்டு, எழுத வேண்டியதை எழுதி முடித்து நிற்கும். 9 போட்டால் அந்த வாய்ப்பே அதற்குக் கிடைக்காது. 15 போட்டுக் காத்திருங்கள். புராசஸ்களைப் பட்டியலிடும் பிஎஸ்-இல் நிலை டி என்று இருந்தால் அது டிஸ்க்கையோ நெட்வொர்க் ஸ்டோரேஜையோ எதிர்பார்த்து நிற்கிறது, 9 போட்டாலும் உடனே சாகாது. அந்த டிஸ்க்கைப் பாருங்கள்.

கேள்வி: பர்மிஷன் பிரச்சினை, சிஎச்மாட் 777 போட்டேன், தீர்ந்தது.

பதில்: தீரவில்லை, யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று திறந்து விட்டிருக்கிறீர்கள். சிஎச்ஓன் போட்டு உரிமையாளரைச் சரி செய்யுங்கள். டைரக்டரிக்கு 755, ஃபைலுக்கு 644: உரிமையாளர் மட்டும் எழுதலாம், மற்றவர்கள் படிக்கலாம்.

கேள்வி: டிஸ்க் ஃபுல், அழித்தாலும் குறையவில்லை.

பதில்: முதல் பதில்.

கேள்வி: தம்பி, இவ்வளவு எச்சரிக்கை எதற்கு? ஆர்எம் என்று அடித்தாலே ஆர்எம் -ஐ (ஐ என்ற ஆங்கில எழுத்து) ஓடும்படி ஏலியஸ், அதாவது மாற்றுப்பெயர், வைத்தால் ஒவ்வொன்றாகக் கேட்கும். ரெட் ஹேட் லினக்ஸில் ரூட்டுக்கு (எல்லா உரிமையும் உள்ள நிர்வாகிக்கு) அப்படித்தானே வருகிறது? 20 வருடமாக எனக்கு ஒரு விபத்தும் இல்லை.

பதில்: அண்ணே, இதில் எனக்கு உடன்பாடே இல்லை. ஐம்பது முறை கேட்டால் கை தானாக ஒய் அடிக்கப் பழகிவிடும், அப்புறம் எல்லோரும் -ஆர்எஃப் (டைரக்டரியை உள்ளே இருப்பதோடு, கேட்காமல் அழி) சேர்த்துவிடுவார்கள். பின்னால் வருகிற -எஃப், முன்னால் இருக்கிற -ஐயை ரத்து செய்துவிடும், ஏலியஸ் இருந்தும் பயனில்லை. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் (புரோகிராம் கோட் சேமித்து வைக்கும் இணையதளம்) நிறுவனத்தில் நடந்ததைப் பாருங்கள். துணை டேட்டாபேஸ் சர்வரில் நிற்பதாக நினைத்து முதன்மை சர்வரில் ஆர்எம் -ஆர்எஃப் போட்டுவிட்டார் ஒரு இன்ஜினியர். நிறுத்துவதற்குள் சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிச்சம். வழக்கமான பேக்கப்கள் கைகொடுக்கவில்லை, ஏறக்குறைய 6 மணி நேரம் முந்தைய ஸ்னாப்ஷாட்தான் (அந்த நேரத்து டேட்டாவின் நகல்) காப்பாற்றியது. அவருக்கு அந்த நேரத்தில் தெரிய வேண்டியிருந்தது ஹோஸ்ட்நேம் மட்டும்தான்.

கேள்வி: -ஆர்எஃப் பற்றிச் சொன்னது சரி. ஆனால் புதிதாக வேலைக்கு வரும் பையனை வெறும் கையோடு விட முடியுமா? ஆர்எம் உடன் பெரிய எழுத்து ஐ போட்டுப் பார்த்ததுண்டா?

பதில்: இதை ஏற்கிறேன் அண்ணே. அந்தப் பெரிய ஐ, மூன்று ஃபைலுக்கு மேல் போனாலோ டைரக்டரியை உள்ளேயும் சேர்த்து அழித்தாலோ ஒரே ஒரு முறை கேட்கும். ஒரு முறை என்றால் படித்துப் பார்ப்பார்கள். புதியவர்களுக்கு அந்த ஏலியஸை நானும் வைத்துக்கொடுப்பேன். ஹோஸ்ட்நேம் பழக்கத்தை மட்டும் விடவே மாட்டேன்.

கேள்வி: விண்டோஸ் சர்வரில் இதெல்லாம் எப்படி?

பதில்: பவர்ஷெல் தெரிந்தவரிடம் கேளுங்கள், என் துறை இல்லை.

கேள்வி: சர்வர் டிஸ்க் 100%, லாகை அழித்துவிட்டேன்...

பதில்: முதல் பதிலைப் படிக்காமல் இதே கேள்வியைக் கேட்டால் இனி பதில் எழுத மாட்டேன்.

கேள்வி: அண்ணா, முதலில் கேட்டது நான்தான். எல்எஸ்ஓஎஃப்-இல் ஒரு ஜாவா புராசஸ் வந்தது. ரீஸ்டார்ட் செய்ததும் 61% ஆகிவிட்டது!

பதில்: நல்லது தம்பி. இன்றைக்கே அந்த லாகுக்கு லாக்ரோடேட் (பழைய லாகைத் தானாக ஒதுக்கி அழிக்கும் கருவி) அமைப்பை எழுதிவிடுங்கள். எழுதியதும் லாக்ரோடேட் -டி போட்டுப் பாருங்கள், அது என்ன செய்யப்போகிறது என்று சொல்லும், எதையும் தொடாது.