கடலூர், புதுச்சேரி பக்கம் கிராமங்கள் வழியாக நடந்து போய், ஏரிக்கரையில் இரவு தங்க நல்ல இடம் எது?

நடக்க வீராணம். கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ஆனால் கூடாரத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

புதுச்சேரிப் பக்கம் இருக்கும் ஊசுட்டேரியைப் பலர் சொல்வார்கள். அது பறவைகள் சரணாலயம். பகலில் பார்க்கலாம், ராத்தங்க நினைக்காதீர்கள்.

வீராணத்துக்குக் கடலூரிலிருந்து வடலூர் வழியாகச் சேத்தியாத்தோப்புக்கு வந்து, அங்கிருந்து தெற்கே லால்பேட்டை, காட்டுமன்னார்கோயில் பார்த்து நடக்க வேண்டும். ஏரியின் நீளமே சுமார் 15 கிலோமீட்டர். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், அதாவது 10ஆம் நூற்றாண்டில், வெட்டியது. கிழக்குக் கரையில் போகும்போது வலது கைப்பக்கம் எதிர்க்கரை தெரியாத அளவுக்குத் தண்ணீர். இடது பக்கம் வயல்கள் ஏரி மட்டத்துக்கும் கீழே கிடக்கும். ஏதாவது ஒரு மதகின் மேல் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். ஒரு பக்கம் தண்ணீர் அசையாமல் நிற்கும், மறுபக்கம் நுரை தள்ளிக்கொண்டு வாய்க்காலில் ஓடும். ஏறக்குறைய 45 ஆயிரம் ஏக்கர் இப்படித்தான் பாய்கிறது. கரைச் சாலையில் பஸ்ஸும் டூவீலரும் விரட்டிக்கொண்டு வரும், ஓரமாகவே நடங்கள். விடியற்காலையில் கிளம்பினால் தொந்தரவு குறைவு.

லால்பேட்டையை நெருங்கும்போது வெற்றிலைக் கொடிக்கால்கள் வரும். தோட்டக்காரரிடம் கேட்டுவிட்டு உள்ளே போய்ப் பாருங்கள். அகத்தி மரங்களில் கொடி ஏறி, நடுப்பகலிலும் உள்ளே அரையிருட்டும் ஈர மண் வாசனையுமாக இருக்கும். எனக்கு ஏரியைவிட இதுதான் பிடிக்கும்!

எப்போது வருவது என்பதுதான் முக்கியமான விஷயம். வீராணத்துக்குத் தண்ணீர் கொள்ளிடம் கீழணையிலிருந்து வடவாறு வழியாக வருகிறது. பாசனத்துக்கும் போய், 2004 முதல் சென்னைக்குக் குடிநீராகவும் போகிறது. கோடையில் ஏரி வற்றி மாடு மேயும் வருஷங்களும் உண்டு. தினசரியில் நீர்மட்டம் போடுவார்கள். முழுக் கொள்ளளவு 47.5 அடி, 45க்கு மேல் இருந்தால் கிளம்பலாம். ஐப்பசி, கார்த்திகையில் புயல், வெள்ளம் என்று ஊரே பதற்றத்தில் இருக்கும். தை மாதம்தான் சரி. ஏரியில் தண்ணீர் நிற்கும், சம்பா அறுவடை நடக்கும், வெயிலும் உறைக்காது.

இனி தங்குவது. கரை நீர்வளத்துறையுடையது, இஷ்டத்துக்குக் கூடாரம் போட முடியாது. எங்கள் சொந்தக்காரர் வீடு ஏரிக்குப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கிறது. கரையில் படுக்கட்டுமா என்று கேட்டதற்கு அத்தை, "பூச்சிபொட்டு நடமாடுற எடம்பா, பேசாம மாடில போய்ப் படு" என்றார். மாடியில் ஏரிக்காற்று பிய்த்துக்கொண்டு அடித்தது. விளக்கைப் போட்டால் போதும், பூச்சி மொய்த்துச் சோற்றுத் தட்டிலேயே விழும். இருட்டுவதற்குள் சாப்பிட்டுவிடுவது நல்லது. தெரிந்தவர் வீடு இல்லையென்றால் மாலை வரை கரையில் இருந்துவிட்டுச் சிதம்பரத்துக்கு பஸ் ஏறுங்கள், அங்கே எல்லா விலையிலும் லாட்ஜ் கிடைக்கும். கரை கிழக்கே இருப்பதால் சூரியன் தண்ணீர்ப் பக்கம்தான் இறங்கும், அதைப் பார்த்துவிட்டே போகலாம்.

அரை நாள்தான் இருக்கிறது என்றால் கடலூருக்குப் பக்கத்திலேயே பாகூர் ஏரி. கரையில் நடந்துவிட்டு ஊருக்குள் மூலநாதர் கோயிலையும் பார்க்கலாம். சோழர் காலக் கற்கோயில், மதியம் நடை சாத்திவிடுவார்கள், காலையிலேயே போய்விடுங்கள்.